சாயவேரும் இம்பூறலும்: யாழ்ப்பாணத் தீவகத்துப் பூண்டு ஒன்றின் வரலாறு

ஈழத்தின் பொருளியல் வரலாற்றை ஆராய்வோர் நெல், யானை, முத்து, கறுவா, புகையிலை என்னும் பெரும் பொருள்களையே பெரிதும் நோக்குவர். காலடியில் மிதிபடும் பூண்டுகளுக்கும் வரலாறு உண்டென்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் பரந்து கிடக்கும் தீவகத்தில், மணற்றரையில் தானாகவே முளைத்துப் படரும் சிறு பூண்டு ஒன்று உண்டு. அரசிறைக் கணக்குகளில் அதன் பெயர் சாயவேர். வைத்தியரின் வழக்கில் அதன் பெயர் இம்பூறல். இரு பெயரும் ஒரே பூண்டையே குறிப்பன. எனினும் அவை இருவேறு உலகங்களுக்கு உரியனவாய் நின்றுவிட்டன. அரசு இதனைப் பணமாகக் கண்டது. நாட்டு வைத்தியம் இதனை மருந்தாகக் கண்டது. ஒன்றின் ஏடு மற்றொன்றை அறியவில்லை. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே இப்பூண்டின் சிறப்பும், அதைப் பற்றிய அறிவு இன்று அடைந்துள்ள நிலையும் தெளிவாகும்.

பூண்டும் அது வளரும் நிலமும்

தாவரவியலார் இதனை ஒல்டன்லாந்தியா அம்பெல்லாற்றா என வழங்குவர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்பெயர் இடம்பெற்றது. கோப்பி, நுணா, மஞ்சிட்டி ஆகியன அடங்கிய உருபியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது இது. இப்பேரினம் என்றிக் பேணாட் ஒல்டன்லாந்து என்பவரின் பெயரைத் தாங்கியது. அவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆபிரிக்காவின் தென்முனையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் தோட்டத்திற் பணியாற்றிய தாவரவியலாளர். தீவகத்து மக்களைக் கொண்டு இந்த வேரை அகழ்வித்த கும்பனியின் ஊழியர் ஒருவரது பெயரே பூண்டின் பெயராகவும் அமைந்துவிட்டது ஒரு வியப்பான பொருத்தமாகும்.

செடி மிகச் சிறியது. ஒடுங்கிய இலைகளும் குடைபோற் கூடிய மிகச் சிறிய வெண்பூக்களும் உடையது. மேலே தெரியும் பகுதி ஒரு சாண் அளவினதாயிருப்பினும் வேர் மெல்லியதாய் நீண்டு மணலுள் ஆழ இறங்கும். இச்செடியின் பொருண்மதிப்பு அவ்வேரின் பட்டையிலேயே தங்கியுள்ளது. வேரின் நடுவிலுள்ள கட்டையிற் சாயம் மிகக் குறைவு.

கடலோரத்து உலர்ந்த மணற்பாங்கான நிலமே இதற்கு உகந்தது. இலங்கையில் மன்னாரும் யாழ்ப்பாணத்துத் தீவுகளும் அவற்றை அடுத்த கரையோரங்களும் சாயவேருக்குப் பெயர் பெற்றிருந்தன. தமிழகத்திற் சோழமண்டலக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் இது வளர்கின்றது; அங்கு இதனைப் பயிரிட்டும் வந்தனர். பயிரிட்ட வேரிலும் தானாக வளர்ந்த வேர் ஏறக்குறைய நாலிலொரு பங்கு கூடிய சாயந் தரும் என்றும், இரண்டாண்டு முதிர்ந்த வேரே விரும்பப்படுவது என்றும் இந்தியத் தாவரங்களை விரித்தெழுதிய உரொக்சுபரோ குறித்துள்ளார். நீர்வளமும் உரமும் பெற்ற வேரை விட, வறண்ட மணலில் வருந்தி வளர்ந்த வேரே சிறந்ததெனக் கொள்ளப்பட்டமை கவனிக்கத்தக்கது. நெல்லுக்கு உதவாத நிலமென ஒதுக்கப்பட்ட தீவகத்து மணல், இவ்வேரைப் பொறுத்தவரை முதற்றர நிலமாயிற்று.

தீவகம் உலக வணிகத்துக்குப் புதியதுமன்று. நயினாதீவிற் கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 - 1186) தமிழ்ச் சாசனம், பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்குவது பற்றியும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலங்கள் உடைந்தால் அரசுக்குரிய பங்கு யாது என்பது பற்றியும் கூறுகின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலாவின் ஆய்வால் இச்சாசனம் வரலாற்று மாணவர் நன்கறிந்த ஒன்றாயிற்று. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. ஆங்கிலத்தில் இத்துறைக்கு வழங்கும் ‘கயிற்சு’ என்னும் பெயர், இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகும். பன்னாட்டுக் கலங்கள் வந்தடைந்த இத்தகைய துறைகளுக்கு அயலிலேயே இச்சிறு பூண்டும் முளைத்துக் கிடந்தது.

செஞ்சாயத்தின் நுட்பம்

சாயவேரின் பெருமையை உணர வேண்டுமாயின், பருத்தித் துணியிற் செந்நிறம் ஏற்றுவது எத்துணை அரிய தொழில் என்பதை முதலில் அறிதல் வேண்டும். கம்பளியும் பட்டும் சாயத்தை எளிதிற் பற்றும். பருத்தி அவ்வாறு பற்றாது. ஏற்றிய நிறம் ஒரு சலவையிலே நீங்கிவிடும். இக்குறையை வென்றவர் இந்தியக் கரையோரத்துச் சாயக்காரர். பிரெஞ்சுப் பாதிரியார் கேர்டு 1742ஆம் ஆண்டு எழுதிய கடிதம் ஒன்றில் அவர்களது முறையை விளக்கினார். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த கலவையில் தோய்த்து உலர்த்துதல், படிகார நீரால் உருவெழுதுதல், பின்னர்ச் சாயவேருடன் சேர்த்துக் கொதிக்க வைத்தல், இறுதியிற் சாணமிட்டு அலசி வெயிலில் விரித்து வெளுத்தல் என இப்பணி பல நாள்கள் நீடிக்கும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் செந்நிறம் நிலைக்கும். ஏனைய இடம் வெளுத்துவிடும்.

இம்முறையின் உள்ளுறையை இரசாயனவியல் பிற்காலத்தில் விளக்கியது. வேர்ப்பட்டையிலுள்ள முதன்மைச் சாயப்பொருள் அலிசரின் என்னும் அந்திராகுயினோன் சேர்வையாகும். அது தனித்துப் பருத்தியைப் பற்றுவதில்லை. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒருபுறம் நாரையும் மறுபுறம் அலிசரினையும் பிணைக்கின்றது. அப்பிணைப்பு உறுதியும் ஒளிர்வும் பெறக் கல்சியமும் வேண்டும். அதனாலேதான் சாயக்காரர் தம் தொழிலுக்கு எந்தக் கிணற்று நீர் ஏற்றது என்பதில் மிகுந்த கவனஞ் செலுத்தினர். சிப்பி செறிந்த கரையோரத்து நீர் சிறந்ததென அவர்கள் கண்டது வெறும் நம்பிக்கையன்று. அந்நீரிற் கரைந்திருந்த சுண்ணாம்பே அதற்குக் காரணம். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கற் பாறையின்மீது அமைந்தவை என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இவ்வாறு உருவான துணிகளே 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் உலகச் சந்தையை ஆட்கொண்டன. சாயம் போகாத இந்தியச் சீத்தைத் துணியின் வரவால் தம் நெசவாளர் நலிவுறுவர் என அஞ்சிப் பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் அதற்கெதிராகச் சட்டமியற்றின. அத்தகைய துணிகளின் செந்நிறத்துக்குப் பின்னால் மணலிலிருந்து கிளறியெடுத்த ஒரு பூண்டின் வேர் இருந்தது.

கும்பனியின் வேர்

1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வென்று அங்குத் தம் ஆட்சியை நிறுவினர். தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே இட்டனர். காரைதீவு அம்சுடர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு உறொட்டர்டாம் ஆயிற்று. எழுவைதீவு ஹூர்ண் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் டெல்வ்ற் என்னும் பெயரே பரவலாக நிலைத்தது.

இப்பெயர் மாற்றத்துள் சாயவேரின் வரலாற்றோடு தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. ஒல்லாந்தின் மிடில்பேர்க் நகரம் சீலாந்து மாகாணத்தின் தலைநகர். அம்மாகாணம் மஞ்சிட்டியின் ஐரோப்பிய இனம் ஒன்றைப் பயிரிட்டு ஐரோப்பா எங்கும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியது. அதன் வேரிலுள்ள செஞ்சாயமும் அலிசரினே. தம் நாட்டிலே செஞ்சாய வேரை விளைவித்த ஒல்லாந்தர் தீவகத்தின் வேரை ஏன் நாடினர் என்னும் வினா இங்கு எழும். விடை ஆசிய வணிகத்தில் உள்ளது. இந்தோனேசியத் தீவுகளிலே மிளகு, சாதிக்காய், கராம்பு ஆகியவற்றைப் பெறுவதற்கு இந்தியத் துணியே சிறந்த மாற்றுப் பொருளாய் விளங்கியது. பொன்னும் வெள்ளியும் கொடுப்பதிலும் துணி கொடுப்பது கும்பனிக்கு இலாபமாயிற்று. அத்துணி இக்கரையிலேயே சாயமிடப்பட்டது. அதற்குரிய வேரும் இக்கரையிலேயே கிடைத்தது. ஆகவே சாயவேர் வாசனைத் திரவிய வணிகத்தின் ஒரு மறைமுக முதலாக அமைந்தது எனலாம்.

கும்பனி இவ்வேரைத் தன் தனியுரிமையாகக் கொண்டது. 1697இல் யாழ்ப்பாணக் கொமாந்தர் ஹென்றிக் சுவார்டகுறூன் தமக்குப் பின் ஆளுவோரின் வழிகாட்டலுக்காக விட்டுச் சென்ற நினைவுக் குறிப்பு, யானை, புகையிலை, பனம்பொருள் என்பனவற்றோடு சாயவேர் பற்றியும் பேசுகின்றது. பின்னாளில் பத்தாவியாவின் மகாதேசாதிபதியாக உயர்ந்த ஒருவரின் கவனத்துக்கு உரியதாய் இப்பூண்டு இருந்தமை அதன் அக்கால மதிப்பைப் புலப்படுத்தும்.

இம்மதிப்பின் மறுபக்கம் துயரமானது. வேரை அகழ்தல் விருப்பத்தின்பாற்பட்ட தொழிலாக இருக்கவில்லை. சாதியடிப்படையில் மக்களை வகுத்து அவ்வவ் வகுப்பினர்மீது ஊழியஞ் சுமத்தும் பழைய முறையை ஐரோப்பியர் தம் நலனுக்கேற்பக் கையாண்டனர். வேர் கிண்டுதல் சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்த குடிகளின் பிறப்புக் கடமையாகக் கொள்ளப்பட்டது. அகழ்ந்த வேரை அவர்கள் கும்பனிக்கே ஒப்படைத்தல் வேண்டும். விலையைக் கும்பனியே தீர்மானித்தது. கொளுத்தும் வெயிலில் மணலைக் கிளறி, நூல் போன்ற வேரை அறுபடாமல் உருவியெடுத்து, மண் உதறி, உலர்த்திக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பது எத்தகைய உழைப்பு என்பதை உணர்தல் கடினமன்று. கணக்கேடுகளிலே வேரின் நிறை உண்டு. வேர் எடுத்தோரின் பெயர் இல்லை. பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் போன்ற வரலாற்றாசிரியர்கள் ஒல்லாந்த ஆவணங்களிலிருந்து வடபகுதியின் வணிக வரலாற்றை மீட்டெடுத்தமையால் கும்பனியின் செயல்கள் ஓரளவு தெளிவாயின. அவ்வாவணங்களின் வாயிலாக அகழ்ந்தோரின் குரலைக் கேட்பது இன்றும் அரிதாகவே உள்ளது.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்களும் தொடக்கத்தில் வேரின்மீதான அரசுரிமையைக் கைவிடவில்லை. கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணைகளைத் தொடர்ந்து 1832இல் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியமுறை நீக்கப்பட்டது. ஊழியம் நீங்கியதும், சாதிக் கடமையென்னும் அத்திவாரத்தின்மீது எழுந்திருந்த வேர் வணிகம் தளர்வது இயல்பே. அதன் இறுதி வீழ்ச்சிக்கான காரணமோ தீவகத்தில் மட்டுமன்றி இலங்கையிலேயே இல்லை. பேர்லின் நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் இருந்தது.

ஆய்வுகூடத்திற் பிறந்த செந்நிறம்

1826இல் பிரெஞ்சு இரசாயனவியலார் உரொபிக்கே, கொலின் ஆகிய இருவரும் ஐரோப்பிய மஞ்சிட்டியிலிருந்து அலிசரினைப் பிரித்தெடுத்தனர். 1868இல் செருமானியரான கிறேபே, லீபர்மன் இருவரும் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் அந்திரசீனைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். தாவரம் ஒன்றின் சாயத்தை மனிதன் ஆய்வுகூடத்தில் முதன்முதலாக அவ்வாறே படைத்த நிகழ்ச்சி அது. அடுத்த ஆண்டிலேயே மலிவான உற்பத்தி முறைகளுக்கு இங்கிலாந்திற் காப்புரிமை பெறப்பட்டது. அங்குக் காப்புரிமை கோரியோருள் ஒருவர் வில்லியம் பேர்க்கின்.

விளைவு விரைவாகவே வந்தது. சில ஆண்டுகளிலே சீலாந்திலும் தென் பிரான்சிலும் மஞ்சிட்டி வயல்கள் கைவிடப்பட்டன. தமிழகத்தில், செந்நிறத் துணிக்குப் பெயர்பெற்ற மதுரைச் சௌராட்டிரச் சாயக்காரரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறக்குமதியான அலிசரினுக்கு மாறினர். ஒல்லாந்தின் மிடில்பேர்க்கையும் தீவகத்தின் மிடில்பேர்க்கையும் ஒரே மூலக்கூறு ஒருங்கே தாக்கியது. இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சீலாந்தின் உழவர் வேறு பயிருக்கு மாறினர்; தீவகத்தில் வேர் கிண்டியோருக்கு மாறுவதற்குச் சொந்த நிலம் இருந்ததா என்பதை எந்த ஏடும் கேட்கவில்லை.

சாயவேரின் இரசாயன அமைப்பை முறையாக ஆராய்ந்தவர்கள் இங்கிலாந்தின் லீட்சு நகரைச் சேர்ந்த ஆதர் ஜோர்ஜ் பேர்க்கினும் கம்மெலும் ஆவர். அவர்களது ஆய்வு வெளிவந்த ஆண்டு 1893. செயற்கை அலிசரினுக்குக் காப்புரிமை கோரிய வில்லியம் பேர்க்கினின் மகனே இந்த ஆதர் பேர்க்கின். தந்தை பங்குகொண்ட தொழிற்புரட்சியால் சந்தையிழந்த வேரின் உள்ளடக்கத்தை மகன் பிரித்தறிந்தார். வேருக்கு வாழ்வு இருந்த காலத்தில் அதன் விஞ்ஞானம் இல்லை. விஞ்ஞானம் வந்தபோது வேருக்குச் சந்தை இல்லை.

வைத்திய மரபில் இம்பூறல்

சந்தை போயிற்று, பூண்டு போகவில்லை. அரசு மறந்த சாயவேர் வைத்தியரிடத்தில் இம்பூறலாகவே இருந்துவந்தது. இருமல், ஈளை, இளைப்பு, நெஞ்சிற் சளி கட்டுதல் ஆகியவற்றுக்கு வேரையும் இலையையும் குடிநீராக்கிக் கொடுப்பது சித்த மருத்துவ மரபு. இவற்றுள் தலையாயது இருமலோடு இரத்தம் கக்கும் நோய். இம்பூறலை அறியாதவனே இரத்தம் கக்கி இறப்பான் என்னும் கருத்தமைந்த பழமொழி தமிழிலே வழங்குகின்றது. ஒரு பூண்டுக்கும் ஒரு நோய்க்குமுள்ள உறவு பழமொழியாகும் அளவுக்கு மக்கள் நினைவில் ஊன்றியிருந்தமை குறிப்பிடத்தக்கது. இம்பூறலை முதன்மையாகக் கொண்ட வடகம், இலேகியம் முதலிய மருந்துகளும் சித்த மருத்துவத்தில் உள்ளன. இலைக் குடிநீரால் நச்சுக்கடி பட்ட இடத்தைக் கழுவும் வழக்கமும் உண்டு.

யாழ்ப்பாணத்து வைத்திய மரபு எழுத்து வடிவிலும் செழித்தது. யாழ்ப்பாண அரசர் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் பல தலைமுறைகளாக ஏட்டில் வழங்கி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளையின் முயற்சியால் அச்சேறின. மற்றொரு புறத்தில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847 முதல் 1873 வரை யாழ்ப்பாணத்தில் தங்கி, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இவ்விரு மரபுகளும் ஒரே மொழியில், ஒரே மண்ணில் அருகருகே நின்ற காலம் அது. மேலைமருத்துவம் தமிழ் பேசக் கற்றது. நாட்டு மருந்துகளை அதன் கருவிகளால் ஆராயும் பணி மட்டும் அக்காலத்தில் வேரூன்றவில்லை.

தீவகத்தில் நாட்டு வைத்தியத்தின் தேவை குடாநாட்டிலும் மிகுதி. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒருவர் இரத்தம் கக்கினால், கடல் அமைதியாக இருந்தாலன்றி அவரைக் கரை சேர்க்க இயலாது. சோளகமோ வாடையோ வலுத்து வீசும் நாள்களில் வீட்டருகே கிடைக்கும் மூலிகையும் அதனை அறிந்த வைத்தியருமே துணை. அந்நிலையில் முற்றத்து மணலிலே முளைத்த இம்பூறலுக்கு நகரத்து மருந்துக் கடையிலிருக்கும் சரக்குக்கு இல்லாத மதிப்பு ஏற்பட்டது.

இந்த மருத்துவ அறிவில் வேர் கிண்டியோரின் பங்கு யாது என்பதும் சிந்தித்தற்குரியது. பூண்டு எங்கே செறிவாக வளரும், எப்பருவத்தில் வேர் முற்றும், ஒத்த தோற்றமுடைய பூண்டுகளிலிருந்து அதனை எவ்வாறு பிரித்தறிவது என்பனவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்க வேண்டியவர்கள் அவர்களே. வைத்தியரின் அறிவு ஏடேறியது. கும்பனியின் அறிவு ஆவணமாயிற்று. அகழ்ந்தோரின் அறிவு வாய்மொழியாக மட்டும் நின்றது. மூன்றனுள் முதலில் அழியத்தக்கது அதுவே.

ஏனையவையும் காப்பாயிருந்தன என்று கூறுவதற்கில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது அரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 1990களின் தொடக்கத்திற் போர் காரணமாகத் தீவகத்து மக்களுட் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் மீளவில்லை. பரம்பரை வைத்தியம் நிலத்தோடு ஒட்டிய அறிவு. பூண்டு வளரும் மண்ணிலிருந்து வைத்தியர் அகன்றபின், அவரது மாணாக்கர் மூலிகையின் பெயரை அறிவர், மூலிகையை அறியார்.

விஞ்ஞானத்தின் சோதனையில்

அண்மைக் காலத்தில் இம்பூறலை மருந்தியல் நோக்கில் ஆராயும் முயற்சிகள் இந்தியாவிற் பெருகியுள்ளன. சுண்டெலிகளிற் செயற்கையாகத் தூண்டப்பட்ட இருமலை இதன் சாறு தணிப்பதாகக் காட்டிய ஆய்வு உண்டு. எலிகளின் ஈரலை நச்சுப் பொருளின் தாக்கத்திலிருந்து ஓரளவு காப்பதாகவும், சில பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதாகவும் முடிவுகள் வெளிவந்துள்ளன. இவற்றைக் கண்டு மரபு நிறுவப்பட்டுவிட்டதெனக் களிகூருவது எளிது. அவ்வாறு கொள்வதற்கு முன் மூன்று செய்திகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, வைத்தியர் கொடுத்தது நீரிற் காய்ச்சிய குடிநீர்; ஆய்வுகூடங்களிற் பெரும்பாலும் பயன்படுவது மெதனோல் போன்ற கரைப்பானில் எடுத்த சாறு. நீரிற் கரைவனவும் மெதனோலிற் கரைவனவும் ஒன்றல்ல. அலிசரின் போன்றவை தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆகவே எலிக்குக் கொடுத்த மருந்தும் நோயாளி குடித்த மருந்தும் ஒரே பூண்டிலிருந்து வந்தவையாயினும் ஒரே பொருளல்ல.

இரண்டாவது, வேரில் அந்திராகுயினோன்கள் செறிந்துள்ளமை பெருமைக்கு மட்டுமன்றி எச்சரிக்கைக்கும் காரணமாகும். அலிசரின் கல்சியத்தைப் பற்றும் இயல்பினது என முன்னர்க் கண்டோம். மஞ்சிட்டி கலந்த உணவை உண்ட பன்றிகளின் எலும்பு சிவந்திருந்ததை இங்கிலாந்தின் சத்திரவைத்தியர் பெல்சியர் 1736இல் வெளியிட்டார். துணியிற் சாயத்தை நிறுத்திய அதே இயல்பு உடலுக்குள்ளும் செயற்பட்டது. ஐரோப்பாவிற் சிறுநீரகக் கல்லுக்கு மருந்தாக வழங்கிய மஞ்சிட்டி வேரில் உலூசிடின் என்னும் தீங்கான சேர்வை தொடர்புடையதெனப் பின்னர் அறியப்பட்டமையால் அம்மருந்துகள் விலக்கப்பட்டன. இம்பூறலும் அத்தகையதே என்பது இதன் பொருளன்று. நெடுங்கால வழக்கு ஒன்றே ஒரு மருந்தின் தீங்கின்மைக்குச் சான்றாகாது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

மூன்றாவது, நோயின் பெயர். இருமி இரத்தம் கக்குதல் ஒரு நோய்க்குறி. பெரும்பாலும் அது காசநோயின் வெளிப்பாடு. 1882இல் கொக்கு காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1943இல் திரெத்தோமைசின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அந்நோய் உரிய மருந்துகளால் முற்றாகக் குணப்படுத்தத்தக்கது. இருமலைத் தணித்து இரத்தத்தைக் குறைத்த மூலிகை ஒருகாலத்திற் பேருதவி புரிந்திருக்கலாம். நோய்க்குறி தணிந்ததைக் கண்டு நோய் தீர்ந்ததென எண்ணி மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பின், அதே மூலிகை இன்று தீங்குக்கு வழிகோலும். மரபைப் போற்றுவோர் மறவாது சொல்ல வேண்டிய செய்தி இது.

பூண்டைச் சரியாக இனங்காணுதலும் இன்றியமையாதது. பஸ்பங்குவ முதலிய குடிநீர்ச் சரக்குகளிற் சேரும் பற்பாடகமும் இதே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுப் பூண்டாகும். தோற்றத்தில் ஒத்தவையாயினும் வேரின் நிறமும் உள்ளடக்கமும் வேறு. வேர் கிண்டியோர் ஒரு பார்வையிலே செய்த வேறுபாட்டை இன்று நுணுக்குக்காட்டியும் இரசாயனச் சோதனையும் கொண்டு செய்ய வேண்டியுள்ளது.

நிறைவாக

ஒரே பூண்டை அரசு தராசில் நிறுத்தது. சாயக்காரர் கொப்பரையில் இட்டனர். வைத்தியர் குடுவையிற் காய்ச்சினர். இரசாயனவியலார் சோதனைக் குழாயிற் பிரித்தனர். ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியதை மட்டுமே கண்டனர். இதனாலேயே சாயவேர் பற்றி அறிந்த வரலாற்று மாணவர் பலர் இம்பூறலை அறியார். இம்பூறலை ஆராயும் மருந்தியலார் பலர் அதன் பின்னாலுள்ள ஊழிய வரலாற்றை அறியார்.

1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவத் துறை தொடங்கப்பெற்றது. தாவரவியல், இரசாயனவியல், வரலாறு ஆகிய துறைகளும் அப்பல்கலைக்கழகத்திலே உள்ளன. தீவகத்திலோ பூண்டு இன்னும் முளைக்கின்றது. முதியோர் சிலரேனும் அதனைச் சுட்டிக் காட்டவல்லர். மண்கும்பான், அல்லைப்பிட்டி போன்ற இடங்களில் மணற்பிட்டிகள் கட்டட வேலைகளுக்காக அகழப்பட்டு வந்துள்ளன. மணலே போனபின் மணலிலே வளரும் பூண்டைத் தேடிப் பயனில்லை. முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்தல், பூண்டைச் சரியாக இனங்காணுதல், வைத்தியர் காய்ச்சிய முறையிலேயே குடிநீரை ஆக்கி அதனையே ஆராய்தல், அது வளரும் நிலத்தைப் பேணுதல் ஆகிய நான்கும் ஒருங்கே நடைபெற வேண்டியவை. இவற்றுள் எதுவும் பெரும்பொருட் செலவை வேண்டுவதன்று.

கும்பனிக் காலத்தில் இவ்வேரை எடுத்தவர்கள் அதன் பயனைப் பெறவில்லை. அதன் மருத்துவக் குணம் ஒருநாள் உறுதிப்படுமாயின், அப்பயன் முதலிற் சேரவேண்டிய இடம் இந்தப் பூண்டைத் தம் உழைப்பாலும் நினைவாலும் காத்துவந்த தீவகத்து மக்களே ஆவர். சாயவேரின் வரலாறு நம் தலைமுறையிடம் வேண்டிநிற்கும் நீதி அதுவேயாகும்.